பெட்டி இல்லாத புதையல்

ஒளித்து வைப்பதும் தேடிக் கண்டுபிடிப்பதும் நம் நாட்டுச் சிறுமியர்க்குப் புதியன அல்ல. மணலை நீளமாகக் குவித்து, அதனுள் ஒரு சிறு குச்சியைப் புதைத்து, ‘எங்கே இருக்கிறது, சொல்’ என்று கேட்கும் கிச்சுக் கிச்சுத் தாம்பாளம் நம் பாட்டிமார் ஆடிய ஆட்டம். கண்ணாமூச்சி ஆடாத குழந்தையே இல்லை எனலாம். மறைந்துள்ளதைத் தேடும் இந்த ஆசையையும் வானில் சுற்றும் செயற்கைக்கோள்களையும் இணைத்துப் பிறந்த ஒரு விளையாட்டு இன்று உலகின் பல நாடுகளில் பரவியிருக்கிறது. அதன் பெயர் ஜியோகேச்சிங். தமிழில் ‘புவிப்புதையல் தேடல்’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

இந்த விளையாட்டின் மரபான வடிவம் ஒன்று. காலப்போக்கில் அதிலிருந்து கிளைத்த மாற்று வடிவங்கள் பல. ‘மாற்று வடிவங்கள் விளையாட்டைக் கெடுத்துவிட்டன’ என்பார் ஒரு சாரார். ‘அவையே அதை வளர்த்தன’ என்பார் மறு சாரார். இரு தரப்பையும் கேட்டு, தொழிற்சாலைகளும் ஏரிகளும் அருகருகே கிடக்கும் நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கு எது பொருந்தும் என்று ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

1. விளையாட்டின் பிறப்பு

இங்கிலாந்தின் தென்மேற்கில் டார்ட்மூர் என்னும் மேட்டுநிலம் உள்ளது. 1854ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, அங்கே எளிதில் எட்டமுடியாத கிரான்மியர் குளம் என்னும் இடத்தில் ஒரு புட்டியை வைத்தார். நடந்து அவ்விடம் சேர்ந்தவர்கள் தங்கள் பெயர்ச் சீட்டை அதில் இட்டுத் திரும்பினார்கள். இவ்வழக்கம் வளர்ந்து ‘லெட்டர்பாக்ஸிங்’ என்னும் பொழுதுபோக்காயிற்று. புவிப்புதையல் தேடலுக்கு இதனை மூத்த சகோதரி எனலாம்.

ஜி.பி.எஸ். எனப்படும் அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் தரையிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவருகின்றன. நம் கையிலுள்ள கருவி, செயற்கைக்கோள் அனுப்பும் குறிப்பலை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தை அளந்து தூரத்தைக் கணக்கிடுகிறது. அலையின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர். ஆகவே வினாடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நேரம் பிழைத்தாலும் தூரம் 300 மீட்டர் பிழைத்துவிடும். கருவியின் கடிகாரப் பிழையையும் சேர்த்துத் தீர்க்க வேண்டியிருப்பதால் குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் அலைகள் தேவைப்படுகின்றன.

தொடக்கத்தில் பொதுமக்களுக்கு வரும் அலையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே சிறிது பிழையைக் கலந்து வைத்திருந்தது. இடம் சுமார் 100 மீட்டர் வரை தவறிக் காட்டும். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தக் கலப்பு நிறுத்தப்பட்டது. அதே மே மாதம் 3ஆம் நாள் டேவ் உல்மர் என்பவர், ஆரிகன் மாநிலத்தில் ஒரு கறுப்பு வாளியில் குறிப்பேடு, பென்சில், வேறு சில பொருள்கள் ஆகியவற்றை இட்டுக் காட்டோரத்தில் வைத்து, அவ்விடத்தின் எண்களை வெளியிட்டார். சில நாட்களுக்குள் அது கண்டுபிடிக்கப்பட்டது. அம்மாத முடிவிலேயே ஜியோகேச்சிங் என்னும் பெயரும் வழங்கத் தொடங்கியது. இன்று உலகெங்கும் 30 இலட்சத்துக்கு மேற்பட்ட மறைவிடங்கள் இருக்கின்றன.

இந்தியாவும் இத்துறையில் பின்தங்கிவிடவில்லை. நமது சொந்த வழிகாட்டுச் செயற்கைக்கோள் வரிசையில் முதலாவது 2013 ஜூலை 1ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 2016இல் அவ்வமைப்புக்கு ‘நாவிக்’ என்று பெயர் சூட்டப்பட்டது. பழவேற்காடு ஏரியை ஒட்டிய தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. கும்மிடிப்பூண்டியில் மாடியில் நின்று ராக்கெட் மேலெழுவதைப் பார்க்கும் மாணவியர்க்கு, ஏதோ தொலைதேசத்துச் செய்தியாக இது தோன்றாது.

2. எண்களே முகவரி

மரபான ஆட்டத்தில் நமக்குக் கிடைப்பவை அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் மட்டுமே. பூகோளப் பாடத்தில் தேர்வுக்காகப் படிக்கும் அவ்வெண்கள் இங்கே உயிர் பெறுகின்றன.

அட்சரேகையில் ஒரு பாகை என்பது தரையில் சுமார் 111 கிலோமீட்டர். ஒரு பாகைக்கு 60 நிமிடங்கள். ஆகவே ஒரு நிமிடம் சுமார் 1.85 கிலோமீட்டர். நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு 1.85 மீட்டர், அதாவது ஒரு கட்டிலின் நீளம். எண்ணில் கடைசி இலக்கத்தைத் தவறாக எழுதினால் ஒரு கட்டில் தூரம் தவறுவோம். முன் இலக்கத்தைத் தவறாக எழுதினால் அடுத்த ஊரில் போய் நிற்போம்!

ஓர் எடுத்துக்காட்டு. திருவள்ளூர் நகரம் ஏறத்தாழ 13 பாகை 8½ நிமிடம் வடக்கு, 79 பாகை 54½ நிமிடம் கிழக்கு. கும்மிடிப்பூண்டி ஏறத்தாழ 13 பாகை 24½ நிமிடம் வடக்கு, 80 பாகை 6½ நிமிடம் கிழக்கு. வடக்கில் வேறுபாடு 16 நிமிடம், அது 29.6 கிலோமீட்டர். கிழக்கில் வேறுபாடு 12 நிமிடம். நம் அட்சரேகையில் கிழக்கு மேற்காக ஒரு நிமிடம் சுமார் 1.81 கிலோமீட்டர் ஆகையால் அது 21.7 கிலோமீட்டர். இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாகக் கொண்டு பிதாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்தினால், பறவை பறக்கும் தூரம் ஏறத்தாழ 37 கிலோமீட்டர் என்று வரும். பேருந்தில் செல்லும் தூரம் இதைவிட அதிகம். ஏன் என்று மாணவியர் வரைபடத்தைப் பார்த்துச் சொல்க.

மேற்கண்ட எண்களில் இன்னொரு செய்தியும் உண்டு. ஒன்று 79இல் தொடங்குகிறது; மற்றொன்று 80இல். அப்படியானால் 80 பாகை தீர்க்கரேகை நம் மாவட்டத்தின் குறுக்கே செல்கிறது என்பது தெளிவு. திருவள்ளூரிலிருந்து சென்னைக்குச் செல்லும் மின்சார இரயில் திருநின்றவூரை அடையுமுன் அக்கோட்டைக் கடந்துவிடுகிறது. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அதைக் கடக்கின்றனர்; அறிந்து கடப்பவர் எத்தனை பேர்? முழுப் பாகை எண்கள் சந்திக்கும் புள்ளிகளைத் தேடிச் சென்று படம் எடுத்துப் பதிவு செய்யும் முயற்சியொன்று 1996 முதல் உலக அளவில் நடந்துவருகிறது. அதில் பெட்டியே இல்லை. 13 பாகை வடக்கும் 80 பாகை கிழக்கும் சந்திக்கும் புள்ளி நம் அருகிலேயே, ஸ்ரீபெரும்புதூருக்கும் செம்பரம்பாக்கம் ஏரிக்கும் இடைப்பட்ட பகுதியில் விழுகிறது.

3. மரபும் மாற்றங்களும்

மரபான ஆட்டத்தின் விதிகள் எளியவை. எண்களைக் கொண்டு இடத்தை அடைய வேண்டும். பெட்டியைக் கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஏட்டில் பெயரும் நாளும் எழுத வேண்டும். எதையேனும் எடுத்தால் அதற்கு ஈடாக ஒன்றை வைக்க வேண்டும். பின்னர் இருந்த இடத்திலேயே மறைத்துவிட வேண்டும். இதிலிருந்து மாறுபட்டுத் தோன்றிய வகைகளில் முக்கியமானவற்றைக் காண்போம்.

புதிர்ப் புதையல்: எண்கள் நேராகத் தரப்படுவதில்லை. ஒரு கணக்கையோ மறைமொழியையோ விடுவித்தால்தான் இடம் தெரியும்.

நகரும் புதையல்: கண்டெடுத்தவர் பெட்டியைத் தம்முடன் கொண்டுபோய் வேறோர் இடத்தில் ஒளித்து, புதிய எண்களை அறிவிப்பார்.

இடமற்ற புதையல்: ‘இன்னின்ன வகையான பொருள் உலகில் எங்கே இருக்கிறது என்று கண்டு அதன் எண்களைச் சொல்லுங்கள்’ என்று கேட்பது. இது ஆட்டத்தைத் தலைகீழாகத் திருப்பியது. 2005இல் இதற்கெனத் தனித் திட்டமொன்று தொடங்கப்பட்டு, இவ்வகை மூல ஆட்டத்திலிருந்து நீக்கப்பட்டது.

காட்சிப் புதையல்: பெட்டி இராது. குறித்த இடத்துக்குச் சென்று, அங்குள்ள கல்வெட்டையோ சிலையையோ பார்த்து, கேட்ட கேள்விக்கு விடை அனுப்ப வேண்டும். 2005இல் புதியவை ஏற்கப்படுவது நிறுத்தப்பட்டது. 2017இல் குறிப்பிட்ட எண்ணிக்கையில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

நிலப்பாடப் புதையல்: இதுவும் பெட்டியற்றது. பாறை, ஊற்று, ஆற்று வளைவு போன்ற நில அமைப்பு ஒன்றைக் காட்டி, அது உண்டான விதத்தைப் பற்றிக் கேட்பது. 2004இல் ஆஸ்திரேலியாவில் முதலாவது அமைக்கப்பட்டது. அமெரிக்க நிலவியல் கழகம் இதற்குத் துணைநின்றது.

தொடர் புதையல்: நெடுஞ்சாலையோரமாக, விதி அனுமதிக்கும் குறைந்த இடைவெளியான 161 மீட்டருக்கு ஒன்றாக, நூற்றுக்கணக்கான பெட்டிகளை வரிசையாக வைப்பது.

துப்புரவுத் தேடல்: கூடிச் சென்று, தேடும் இடத்திலுள்ள குப்பைகளை அகற்றிவருவது. 2002 முதல் இது நடைபெறுகிறது.

4. ஒப்பாதவர் கூறுவன

மரபைக் காக்க விரும்புவோரின் வாதங்கள் அலட்சியப்படுத்தத் தக்கவை அல்ல.

முதலாவது, கையால் தொட்டு எடுக்கும் ஒரு பொருள் இல்லாவிட்டால் அது தேடலாகாது, சுற்றுலாவாகிவிடும் என்கின்றனர். இலையை விலக்கி, கல்லைப் புரட்டி, ‘இதோ!’ என்று கூவும் அந்த நொடிக்கு ஈடாக வேறொன்றில்லை. நற்செய்தியில் வரும் பெண் காணாமற்போன வெள்ளிக்காசைத் தேடி வீடு முழுவதும் பெருக்குகிறாள். காசு கைக்கு வந்த பிறகுதான் தோழியரை அழைத்து மகிழ்கிறாள். கைக்கு ஒன்றும் வராத தேடலில் எதைச் சொல்லி மகிழ்வது?

இரண்டாவது, சான்று. ஏட்டிலுள்ள கையெழுத்து, வந்தவர் வந்தார் என்பதை நிறுவுகிறது. கேள்விக்கு விடை அனுப்புவதோ வீட்டில் அமர்ந்தபடியும் இயலும். தோழியிடம் கேட்டும் எழுதலாம். தேர்வில் பார்த்தெழுதுவதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை என்று வினவுகின்றனர்.

மூன்றாவது, தரம். பெட்டி வைப்பதற்கு உழைப்பு வேண்டும். பெட்டி வேண்டாம் என்றால் எவரும் எந்தச் சுவரையும் காட்டிப் ‘புதையல்’ என்று சொல்லிவிடலாம். எந்த இடம் உண்மையிலேயே வியக்கத்தக்கது என்று தீர்ப்பளிப்பது யார்? 2005இல் காட்சிப் புதையல் நிறுத்தப்பட்டதற்கு இந்தத் தீராத வழக்கும் ஒரு காரணம்.

நகரும் புதையலைப் பற்றியோ மரபுக்காரர் மட்டுமன்றிப் பிறரும் தயங்குகின்றனர். பெட்டி புதிய இடத்தில் வைக்கப்படும்போதெல்லாம் நில உடைமையாளரிடம் அனுமதி கேட்டார்களா என்று பார்க்க ஆளில்லை. அது எங்கே, யாருடைய வாசலில் போய் அமரும் என்பது முதலில் வைத்தவருக்கே தெரியாது.

5. ஆதரிப்பவர் கூறுவன

மாற்று வகைகளை ஆதரிப்போர் முதலில் சுட்டுவது நிலத்தின் நலத்தை. அமெரிக்க தேசியப் பூங்காக்களில் பெட்டி புதைப்பது நெடுங்காலமாகத் தடுக்கப்பட்டு வந்தது. பலர் ஒரே புதரை மிதித்துத் தேடினால் செடி அழிகிறது, மண் கரைகிறது. பிளாஸ்டிக் பெட்டி உடைந்து குப்பையாகிறது. பெட்டியற்ற வகைகள் அத்தகைய இடங்களையும் ஆட்டத்துக்குத் திறந்துவிட்டன.

அடுத்து அவர்கள் காட்டுவது ஆபத்தை. 2011இல் இங்கிலாந்தின் வெதர்பி நகரில் கடைத்தெருவில் வைக்கப்பட்ட ஒரு புதையல் பெட்டியை வெடிகுண்டோ என்று ஐயுற்று, தெருவை அடைத்து, படைவீரர்களை வரவழைத்து, அதை வெடிக்கச் செய்தார்கள். 2018 ஜூன் மாதம் பிராகு நகரில், நிலத்தடி நீர்க்கால்வாய்க்குள் புதையல் தேடச் சென்றவர்களைத் திடீர் மழைவெள்ளம் அடித்துச் சென்றது, இருவர் உயிரிழந்தனர். விளையாட்டு உயிரைக் கேட்குமானால் அது விளையாட்டன்று.

சான்று பற்றிய வாதத்துக்கும் அவர்கள் விடை வைத்திருக்கின்றனர். அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தில் ஒரு நெடுஞ்சாலையோரம் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டன. அங்குச் சென்ற சிலர் நேரத்தை மிச்சப்படுத்த ஓர் உபாயம் செய்தனர். முதல் இடத்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு, காரில் போகும்போதே அதன் ஏட்டில் கையெழுத்திட்டு, இரண்டாம் இடத்தில் அதை வைத்துவிட்டு அங்கிருந்ததை எடுத்துக்கொண்டனர். இப்படியே கடைசி வரை. ஏட்டில் கையெழுத்து இருக்கிறது, எண்ணிக்கை ஏறுகிறது. ஆனால் அவர்கள் எதைத் தேடினார்கள்? எதைக் கண்டார்கள்?

இவ்வெடுத்துக்காட்டு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. பெட்டி இருந்தும் தேடல் வெறுமையாகலாம். பெட்டி இல்லாமலும் தேடல் நிறைவாகலாம். போனவள் தன் கண்ணால் எதைப் பார்த்தாள், திரும்பிவந்து எதைச் சொல்ல முடிகிறது என்பதே அளவுகோல். பெட்டி வேண்டுமா வேண்டாமா என்னும் வழக்கு இதற்கு அடுத்தபடியே.

6. நம் மாவட்டத்தில் எது பொருந்தும்?

நம் இரயில் நிலையங்களில் நாள்தோறும் ஓர் அறிவிப்பைக் கேட்கிறோம்: கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடவேண்டாம், காவலரிடம் தெரிவியுங்கள் என்று. குழந்தைகளுக்கு நாம் கற்பிப்பதும் அதுவே. அப்படியிருக்க, வழியோரத்தில் மறைந்திருக்கும் டப்பாவைத் தேடித் திற என்று அதே குழந்தையிடம் எப்படிச் சொல்வது? கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகம் போன்ற தொழிற்பகுதியில் இந்த எச்சரிக்கை இருமடங்கு பொருந்தும். வேலியோரத்தில் கிடக்கும் ஒரு கலத்தில் முன்பு என்ன இரசாயனம் இருந்தது என்பதை வெளிப்பார்வையில் அறிய முடியாது. ஆலைக் காவலர் கண்ணில், வேலியருகே குனிந்து எதையோ ஒளிப்பவர் ஐயத்துக்குரியவரே. உயர்ந்த கொட்டகைகளிலும் தகரக் கூரைகளிலும் அலைகள் பட்டுத் தெறிப்பதால் கைபேசி காட்டும் இடமும் பல மீட்டர் பிழைபடும். தேடுபவள் சாலையின் தவறான பக்கத்துக்கு இழுக்கப்படலாம். நம் ஊர்ப் புதர்களிலும் பொந்துகளிலும் பாம்பு இருக்கக்கூடும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

நம் மாவட்டத்தின் பெருமைக்குரிய இடங்களும் பெட்டியை ஏற்பவை அல்ல. கொற்றலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். 1863ஆம் ஆண்டில் இராபர்ட் புரூஸ் பூட், வில்லியம் கிங் ஆகிய நிலவியலாளர் அங்கே பழங்கற்காலக் கருவிகளைக் கண்டனர். 1999 முதல் சாந்தி பப்பு தலைமையில் நடந்த அகழாய்வின் பயனாக, அங்குள்ள கைக்கோடரிகள் குறைந்தது 10 இலட்சம் ஆண்டுகளுக்கும், சராசரியாக 15 இலட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை என்று 2011இல் வெளியிடப்பட்டது. பிற்பட்ட அடுக்கிலுள்ள நுண்மையான கருவிகள் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2018இல் வெளியான ஆய்வு கூறியது. அங்கே கல் கிடக்கும் இடமும் ஆழமுமே ஆய்வாளர்க்குச் சான்று. ஒரு கல்லை எடுத்து அதற்கு ஈடாக ஒரு பொம்மையை வைத்துவந்தால் இலட்சக்கணக்கான ஆண்டுகளின் ஏட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்தவர்களாவோம். பழவேற்காட்டிலும் அப்படியே. பூநாரைகள் இரைதேடும் சேற்றுநிலத்தில் கூட்டமாக இறங்கித் தேடினால், நெடுந்தூரம் பறந்துவந்த பறவைகள் கலைந்துபோகும்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கினால், பெட்டியற்ற காட்சிப் புதையலும் நிலப்பாடப் புதையலுமே நமக்கு உகந்தவை என்பது தெளிவாகும். பெற்றோரின் கவலைக்கும் இதில் விடையுண்டு. பெண்பிள்ளைகளைத் தனியே வெளியில் அனுப்ப அவர்கள் தயங்குவது இயற்கை. ஆனால் வீட்டு வாசலில் வண்டியேறிப் பள்ளி வாசலில் இறங்கும் பிள்ளை, தன் ஊர் ஏரியின் நீர் எந்தப் பக்கம் போகிறது என்று அறியாமலே வளர்ந்துவிடுகிறாள். காட்சித் தேடலை ஒரு வகுப்பு முழுவதும் அருட்சகோதரியருடனோ ஆசிரியையுடனோ பட்டப்பகலில் சேர்ந்து செய்யலாம், குடும்பத்தோடும் செய்யலாம். மறைவிடத்தில் தனியே கைவிட வேண்டிய தேவை இல்லை.

ஆனாலும் மரபுக்காரரின் வாதத்தில் உள்ள உண்மையை நாம் விட்டுவிடக் கூடாது. கண்டெடுக்கும் மகிழ்ச்சி வேண்டும் என்றால், தலைமையாசிரியையின் அனுமதியுடன் பள்ளி மதிற்சுவருக்குள் பெட்டி ஆட்டத்தை ஆடலாம். சான்று வேண்டும் என்றால், பார்த்தெழுத முடியாத கேள்விகளை அமைக்க வேண்டும். ‘இந்த ஏரியின் பெயர் என்ன?’ என்பதற்கு எல்லார் விடையும் ஒன்றே. ‘நீ நின்ற நாளில் மதகின் படியில் நீர் எத்தனையாவது படி வரை இருந்தது?’ என்பதற்கு நாளுக்கு ஒரு விடை. அளந்து பார்த்தவளே சொல்ல முடியும்.

7. அமைத்துப் பார்க்க மூன்று தேடல்கள்

முதல் தேடல், உங்கள் ஊர் ஏரி. ஏரி இல்லாத ஊர் நம் மாவட்டத்தில் அரிது. கரையின் மேல் நின்று பாருங்கள். நீரை வயலுக்கு விடும் மதகு எங்கே? மிகுந்த நீர் வழிந்தோடும் கலங்கல் எங்கே? கலங்கலின் மட்டம் கரையின் மட்டத்தைவிட எவ்வளவு தாழ்வு? வழிந்த நீர் அடுத்து எந்த ஏரிக்கோ ஓடைக்கோ செல்கிறது? அவ்வழியில் இன்று என்ன கட்டப்பட்டிருக்கிறது? கடைசிக் கேள்விக்கு விடை காண்பவர்கள், கனமழையில் தெருவுக்குள் நீர் வருவதன் காரணத்தைத் தாமே அறிந்துகொள்வார்கள். வெள்ளம் வந்தபின் வருந்துவதைவிட, வறண்ட நாளில் நீர்வழியைத் தெரிந்துகொள்வது மேல்.

இரண்டாம் தேடல், பூண்டி. அங்கே தமிழ்நாடு தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. ஒரு கைக்கோடரியைத் தேர்ந்தெடுத்து நீண்ட நேரம் பாருங்கள். அது எந்தக் கல்லால் ஆனது? சில்லுகள் ஒரு பக்கம் மட்டும் தட்டப்பட்டனவா, இரு பக்கமுமா? கல்லின் பழைய வழுவழுப்பான தோல் எங்கேனும் மிஞ்சியிருக்கிறதா? அந்த வழுவழுப்பு ஆற்றைப் பற்றி என்ன சொல்கிறது? இருந்த இடத்தில் நின்றே படம் வரைந்து வாருங்கள்.

மூன்றாம் தேடல், பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினர். கோட்டை இன்று சிதைந்து புதர் மூடிவிட்டது; அவர்களுடைய பழைய கல்லறைத் தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் வாயிலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் உள்ளன. அவை எதை ஏந்தி நிற்கின்றன? அவை எதை நினைவூட்ட வைக்கப்பட்டிருக்கலாம்? கல்லறைத் திருநாளில் நாம் செய்யும் வழிபாட்டோடு ஒப்பிட்டு ஐந்து வரி எழுதுங்கள். பின்னர், போர்த்துக்கீசியர் காலம் முதல் வழிவழியாக வணங்கப்படும் மகிமை மாதா ஆலயத்துக்கும் சென்று செபித்து வரலாம்.

எந்தத் தேடலுக்கும் சில விதிகள் பொது. தனியே செல்லாதீர்கள். இருட்டுமுன் வீடு திரும்புங்கள். தனியார் நிலமானாலும் ஆலை நிலமானாலும் கேட்டபின் நுழையுங்கள். இருப்புப்பாதையையும் கால்வாய்க் குழாய்களையும் அணுகாதீர்கள். எதையும் எடுக்காதீர்கள், எதையும் புதைக்காதீர்கள். ஒரு பை கொண்டுபோய், வழியில் கிடக்கும் குப்பையை எடுத்துவாருங்கள். துப்புரவுத் தேடல் என்ற நல்ல வழக்கத்தைக் குறை கூறியவர் இரு சாராரிலும் இல்லை.

விடைகளை எழுத வகுப்புக்கு ஓர் ஏடு வையுங்கள். பெட்டிக்குள் இருக்கவேண்டிய ஏடு வகுப்பறை அலமாரியில் இருக்கட்டும். நாள், நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, உடன் சென்றவர் பெயர், கண்டவை, அளந்தவை ஆகியவற்றை அதில் பதிவு செய்யுங்கள். இவ்வாண்டு ஒன்பதாம் வகுப்பு எழுதிய ஏரி மட்டத்தை அடுத்த ஆண்டு வருபவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பத்து ஆண்டுகள் தொடர்ந்தால் நம் ஊர் நீர்நிலைகளைப் பற்றி ஒரு சிறு வரலாறே அந்த அலமாரியில் சேர்ந்துவிடும்.

அங்கே போகாமலே விடை எழுத முடியுமா என்று ஒரு மாணவி கேட்கலாம். முடியும். யாரும் காணமாட்டார்கள். ஆனால் அடுத்த ஆண்டு அந்த எண்ணை நம்பி ஒப்பிடுபவளின் கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும். நேர்மை என்பது கண்காணிப்புக்கு அஞ்சுவதன்று. நமக்குப்பின் வருபவளை ஏமாற்றாதிருப்பது. இந்த விளையாட்டு நம்மிடம் கேட்பது அவ்வளவே.

வரும் விடுமுறையில் அப்பாவையோ அம்மாவையோ அண்ணனையோ அழைத்துக்கொண்டு உங்கள் ஊர் ஏரிக்கரைக்குப் போங்கள். மதகையும் கலங்கலையும் கண்டு, நீர் எந்தத் திசையில் போகிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். பள்ளி திறக்கும் நாளில் ஏட்டின் முதல் பக்கம் உங்களுக்காகக் காத்திருக்கும்.